அரை உதை

"உப்பு தீர்ந்துபோச்சுன்னு அவகிட்ட சொல்லு."

"அண்ணி, உப்பு தீர்ந்துபோச்சாம்."

"டப்பாவுக்குப் பின்னால இன்னொரு பொட்டலம் இருக்குன்னு சொல்லு தம்பி."

"பின்னால இருக்காம்மா."

"எனக்குக் காது கேக்குது."

மூன்று பேரும் ஒரே சமையலறையில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். பதினொரு வருடமாக அம்மா தன் மூத்த மருமகளிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவேண்டியது எல்லாம் சின்னவன் வழியாகத்தான் போனது. அவன் அம்மாவிடம் வாங்கி, கோபத்தை உருவிவிட்டு, மிச்சத்தை அண்ணியிடம் கொடுப்பான். அவன் ஊரில் இல்லாத ஒரு நாள் குழாய் உடைந்து சமையலறையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றபோது அம்மா பூனையைப் பார்த்துச் சொன்னாளாம், "யாராச்சும் மெயின் வால்வை மூடினா நல்லாருக்கும்" என்று. பூனை மூடவில்லை. அண்ணி போய் மூடினாள்.

"இன்னொண்ணும் சொல்லிடு தம்பி," என்றாள் அண்ணி. "வர ஒண்ணாந்தேதி நான் கிளம்புறேன். எங்க அக்கா ஊர்ல சீட் கவர் தைக்கிற கடையில ஆள் கேட்டிருக்காங்க."

சின்னவன் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். "போறவளை இங்க யாரு கட்டி வச்சிருக்கா. அன்னிக்கே போயிருக்கணும். அதையும் சொல்லு."

"அதை நான் சொல்ல மாட்டேன்."

"கேட்டுடுச்சு, விடு," என்றாள் அண்ணி. "போறதுக்கு முன்னால எனக்கு ஒண்ணு செய்யணும் நீ. அந்த வண்டியை எடுத்துச் செய். அது ஒரு தரம் ஓடணும். அன்னிக்கு நின்ன இடத்துல நின்னு நான் அதைப் பார்க்கணும்."

"எதுக்கு அண்ணி?"

"நான் அவரைத் தள்ளினேனா இல்லையான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

அம்மா கையிலிருந்த உப்புப் பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே மேடையில் வைத்தாள்.

வீட்டுக்கு முன்பாகம்தான் பட்டறை. நீளமான கூடம். ஒரு முனையில் தெருவைப் பார்த்த பெரிய கதவு. மறுமுனையில், முன்பு லாரி பார்த்த காலத்தில் வெட்டிய குழி, ஆள் உயரம். பக்கவாட்டில் அண்ணி சீட் தைக்கிற சின்ன அறை. பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், காலை பதினொரு மணி இருக்கும், பெரியவன் தன் டூ ஸ்ட்ரோக் வண்டியைத் தெருப்பக்கமாகத் திருப்பி நிறுத்தி உதைத்தான். அண்ணி வண்டிக்கு முன்னால் நின்று ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போ என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த நொடி வண்டி அவனோடு எட்டடி பின்னால் போய்க் குழிக்குள் விழுந்தது. வண்டி மேலே, அவன் கீழே.

பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லை. சின்னவன் பிளக் வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போயிருந்தான். அம்மா சமையலறையில் இருந்தாள். விபத்து என்று எழுதி முடித்தார்கள். அம்மா முடிக்கவில்லை. அவளிடம் ஒரே கேள்விதான் இருந்தது: "வண்டிக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. முன்னால நிக்கிறவ தள்ளாம அது எப்படிடா பின்னால போகும்?"

சின்னவன் கேட்டால் அண்ணி, "கையை வச்சிருந்தேன், அது தெரியும்," என்பாள். "கோவத்துல இருந்தேன், அதுவும் தெரியும். அதுக்கப்புறம் என் கை என்ன செஞ்சுச்சுன்னு எனக்குத் தெரியல."

*

வண்டிமேல் போட்டிருந்த தார்ப்பாயை உருவியபோது தூசி எழும் என்று சின்னவன் மூக்கைப் பொத்திக்கொண்டான். எழவில்லை. டாங்கில் துரு இருந்தது, முட்கார்டு நசுங்கியிருந்தது, ஹெட்லைட் கண்ணாடி குழியிலேயே போய்விட்டது. எல்லாம் எதிர்பார்த்ததுதான். பிளக்கைக் கழற்றிவிட்டு, கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பார்த்தான். பதினொரு வருடம் நின்ற எஞ்சின் இறுகிப்போய்க் கல்லாகியிருக்க வேண்டும். அது வழுவழுவென்று சுற்றிக்கொண்டது, நேற்றுத்தான் யாரோ ஓட்டி நிறுத்தியதுபோல.

"அம்மா, நீ இந்த வண்டியைத் தொட்டியா எப்பவாச்சும்?"

"நான் எதுக்குடா அந்தக் கூடத்துக்குள்ள வரேன்?"

"அண்ணி, நீங்க?"

"தார்ப்பாயைக்கூடப் பார்த்ததில்ல தம்பி. அந்தப் பக்கம் முதுகு காட்டித்தான் மெஷின் போட்டிருக்கேன், பாரு."

பார்த்தான். தையல் மெஷின் சுவரைப் பார்த்துத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் காலையில் வண்டி ஸ்டாண்டோடு கொஞ்சம் பின்னால் இருப்பதுபோலத் தோன்றியது. தோன்றுவதுதானே என்று ஸ்டாண்டின் இரண்டு காலையும் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தான். மூன்றாம் நாள் காலையில் ஸ்டாண்ட் கோட்டுக்கு வெளியே இருந்தது. இரண்டு விரல்கடை, குழிப்பக்கமாக. தரை குழிப்பக்கம் சரிவா என்று ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தான். தண்ணீர் தெருப்பக்கம் ஓடியது.

கோட்டை அழித்துவிட்டு, வண்டியை இழுத்து நிறுத்தி, புதுக்கோடு போட்டான். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதென்றால் இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்.

சிலிண்டர் லேத்தில் கடைந்து, புது போர் போட்டு வந்தது. பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்றினான். டாங்குக்குள் ஒரு பழைய செயினைப் போட்டு, அரை நாள் குலுக்கித் துருவை உதிர்த்தான். முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட்டான். "பிரேக் நல்லா இருக்கணும்," என்றான் யாரும் கேட்காமலே. அண்ணி சீட்டுக்குக் கருப்பு ரெக்சின் தைத்துக் கொடுத்தாள். உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சட்டென்று எழுந்தான்.

"என்ன தம்பி, தையல் உறுத்துதா?"

"ஃபோமை மாத்தலையா அண்ணி?"

"மாத்தல. அவர் உட்கார்ந்த பள்ளம் இருக்கு இல்ல, அது மேலேயே தைச்சுட்டேன். அன்னிக்கு மாதிரியே இருக்கட்டும்னு."

எஞ்சின் நெருப்பு விடுகிற பாகம் மட்டும் மிச்சம் இருந்தது. அதைப் பதினாலு கொண்டுவந்தார்.

பதினாலு என்பது ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரின் பெயர் அல்ல. நாலு வருடத்துக்கு முன்னால் இந்தத் தெருவில் கடை போட்ட அன்றைக்கே சின்னவனிடம் பதினாலாம் நம்பர் ஸ்பேனர் கடன் வாங்கிப் போனார். இன்னும் தரவில்லை.

"ஸ்பேனர் கொண்டு வந்தீங்களா?"

"அடுத்த தடவை. இதைப் பாரு முதல்ல." ஒரு சின்ன அட்டைப்பெட்டியைத் திறந்தார். "எலக்ட்ரானிக் இக்னிஷன். பாயிண்ட் கிடையாது, உப்புத்தாள் தேய்க்கிற வேலை கிடையாது. பழைய தட்டைக் கழட்டி வீசிட்டு இதை மாட்டு, கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம்."

"கண்ணைத் திறந்துக்கிட்டே ஓட்டுறேன்."

"ஓட்டு. இன்னொரு சௌகரியம், இது ஒரு பக்கம்தான் சுத்தும். பால்காரர் கதை மாதிரி ஆகாது."

சின்னவன் பெட்டியை மூடினான். "எந்தக் கதை?"

"மறந்துட்டியா? நான் வந்த புதுசுல சொன்னேனே. ஒரு பால்காரர், பழைய டூ ஸ்ட்ரோக், பாயிண்ட் தட்டு முன்னால நகந்து கிடக்கு. மனுசன் தூக்கக் கலக்கத்துல அரை உதை உதைச்சிருக்கார். பிஸ்டன் மேல போய்ச் சேர்றதுக்குள்ள நெருப்பு விழுந்துடுச்சு, வந்த வழியே திரும்பிடுச்சு. வேற எஞ்சினா இருந்தா அதோட செத்துடும். டூ ஸ்ட்ரோக்குக்கு வால்வா இருக்கு, எந்தப் பக்கம் சுத்துனா என்ன அதுக்கு? தலைகீழா ஓட ஆரம்பிச்சுடுச்சு. இவர் கவனிக்கல. முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டார் பாரு, வண்டி பின்பக்கமா அவர் வீட்டுக்குள்ளேயே போய், மாமியார் கட்டில் மேல ஏறி நின்னுச்சு." அவர் சிரித்தார். "எல்லாரும் உருண்டு உருண்டு சிரிச்சோம். நீ மட்டும் சாப்பாட்டைப் பாதியில வச்சுட்டு எழுந்து போனே. வயிறு சரியில்லைன்னே."

"சரியில்லதான்."

"இப்ப எப்படி?"

"ஸ்பேனரைக் கொண்டு வாங்க."

பதினாலு பெரியவனைப் பார்த்ததில்லை. குழியில் தவறி விழுந்து செத்தான் என்பதுதான் அவர் கேட்டது. சிரித்துக்கொண்டே போனார்.

சின்னவன் கதவைச் சாத்திவிட்டு வந்து, மேக்னட் மூடியின் மூன்று ஸ்குருவையும் கழற்றினான். உள்ளே பாயிண்ட் தட்டு, பிளக்கில் நெருப்பு எப்போது விழவேண்டும் என்று தீர்மானிப்பது. தட்டும் எஞ்சின் உடம்பும் சேருகிற இடத்தில் பெரியவன் ஒரு கோடு கீறியிருந்தான், இரண்டும் நேராக நிற்கவேண்டும் என்பதற்காக. கோடு நேராக இல்லை. தட்டில் இருந்த பாதி, உடம்பில் இருந்த பாதியிலிருந்து ஒரு நகக்கண் தள்ளி நின்றது. பக்கத்தில் ஆணியால் கீறிய ஒரு சின்னப் பெருக்கல் குறி.

அந்தப் பெருக்கல் குறி அவனுடையது.

அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. அண்ணன் குளிக்கப் போயிருந்தான். தட்டை லேசாக முன்னால் தள்ளினால் வண்டி சீறும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஸ்குருவைத் தளர்த்தித் தள்ளினான். அண்ணன் கண்டுபிடித்துத் திட்டினால் பழையபடி வைப்பதற்கு வசதியாகக் குறியும் போட்டான். ஓட்டிப் பார்த்து ஆச்சரியப்படட்டும், பிறகு சொல்லலாம் என்று பிளக் வாங்கக் கிளம்பினான். திரும்பி வந்தபோது சொல்ல ஆள் இல்லை.

தட்டைத்தான் நகர்த்தினோம், அதனால் என்ன என்றுதான் ஏழு வருடம் நினைத்துக்கொண்டிருந்தான். பால்காரர் கதையைக் கேட்ட நாளிலிருந்து நினைப்பதையே விட்டுவிட்டான்.

பழைய தட்டைக் கழற்றி, கந்தல் துணியில் சுற்றி, மேஜை இழுப்பறையின் அடியில் வைத்தான். புதியதை மாட்டினான்.

"அண்ணி, பாயிண்ட் கருகிப் போயிருக்கு. புதுசு போட்டுட்டேன்."

மெஷின் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. "சரி தம்பி. உனக்குத்தான் தெரியும்."

மறுநாள் காலையில் ஸ்டாண்ட் கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. கிக்கர் தானாக மடங்காமல், உதைக்கக் காத்திருப்பதுபோல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

*

"அவகிட்ட சொல்லு, என்னமோ பார்க்கணும்னாளே, பார்க்கச் சொல்லு," என்றாள் அம்மா. பதினொரு வருடத்தில் முதல் தடவையாகக் கூடத்துக்குள் வரும் வாசற்படியில் வந்து நின்றாள். காலடியில் பூனை.

அண்ணி வண்டிக்கு முன்னால், அன்றைக்கு நின்ற இடத்தில் நின்றாள். கைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

சின்னவன் உதைத்தான். ஒரே உதையில் பிடித்துக்கொண்டது. நீல நிறத்தில் புகை. ஆயில் கலந்த பெட்ரோல் எரியும் வாசனை கூடத்தை நிறைத்தது. சத்தம் சீராக, மணி அடித்தாற்போல இருந்தது. முதல் கியரில் இரண்டடி முன்னால் போய், பிரேக் பிடித்து நின்றான்.

"அவ்வளவுதான் அண்ணி."

அம்மாதான் பேசினாள்.

"இந்தச் சத்தம் இல்ல."

"என்னம்மா?"

"அன்னிக்குக் கேட்ட சத்தம் இது இல்ல. அவன் வண்டி தெருமுனை திரும்பும்போதே எனக்குத் தெரியும்டா, அவன்னு. தினமும் காலையில இந்த மாதிரிதான் இருக்கும். அன்னிக்கு மட்டும் வேற. உள்ளுக்கு இழுத்து இருமுற மாதிரி. யாரு இவன் வண்டியைத் தொட்டதுன்னு நினைச்சுக்கிட்டே கையைத் துடைச்சேன். துடைக்கிறதுக்குள்ள விழுந்த சத்தம்."

"அதை நீ யார்கிட்டயும் சொல்லலையேம்மா."

"யாரு கேட்டா? சத்தத்தையா எழுதிக்குவாங்க?"

"ஆமா," என்றாள் அண்ணி மெதுவாக. "இருமிச்சு. நான் பேசிக்கிட்டே இருந்தேன், அவர் என்னைப் பார்த்துக்கிட்டே பாதி காலால உதைச்சார். முழுசா உதைக்கல. அது இருமிக்கிட்டே பிடிச்சுச்சு." அவள் சின்னவனைப் பார்த்தாள். "தம்பி, பழைய தட்டு எங்க?"

"அது கருகி—"

"அத்தை சொல்ற சத்தமும் நான் சொல்ற சத்தமும் ஒண்ணா இருக்கு. இத்தனை வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா சொன்னது இதுதான். தட்டு எங்க?"

வண்டியின் சூடு ஆறும்போது சைலன்சர் டிக் டிக்கென்று சுருங்கிக்கொண்டிருந்தது. தட்டைக் குப்பையில் வீசிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இழுப்பறையைச் சாவி போட்டுப் பூட்டவில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பூட்ட மறந்தானா, மனம் வரவில்லையா என்று அவனுக்கே தெரியவில்லை.

"நாளைக்கு மாட்டுறேன்," என்றான்.

*

குழிக்கு முன்னால் ஒரு தடிமனான மர உத்தரத்தைப் படுக்கவைத்து இரண்டு பக்கமும் ஆப்பு அடித்தான். பழைய தட்டை, பெருக்கல் குறி இருந்த இடத்திலேயே, முடுக்கினான். மணி பதினொன்று. வெயில் தெருக்கதவு வழியாகப் பாதிக் கூடம் வரைக்கும் வந்து கிடந்தது.

"அண்ணி, நீங்க கையை வைக்காதீங்க. தள்ளியே நில்லுங்க."

"நிக்கிறேன்."

"அம்மா, நீயும் படியை விட்டு இறங்காதே."

"சும்மா உதைடா."

அவன் வண்டியின் இரண்டு பக்கமும் கால் ஊன்றி நின்றான். சீட்டில் இன்னும் உட்காரவில்லை. உட்காருவதற்கு முன்னாலேயே சீட் ஒரு தரம் அமுங்கியது. பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் முனகிக்கொண்டு இறங்கி, அப்படியே நின்றன. அண்ணி அதைப் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

பாதிக் காலால் உதைத்தான்.

கிக்கர் உள்ளங்காலைத் திருப்பி அடித்தது. எஞ்சின் இருமியது. உள்ளுக்கு இழுத்து, விக்கி, மறுபடி இருமி, ஓடத் தொடங்கியது.

"இதுதான்," என்றாள் அம்மா படியிலிருந்து. "இதுதான்டா அது."

என்ன நடக்கப்போகிறது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும், முதல் கியரைப் போட்டதும் உடம்பு தானாக முன்னால் போகத் தயாரானது. கிளட்சை விட்டான்.

வண்டி பின்னால் பாய்ந்தது. உடம்பு ஹேண்டில் பார்மேல் போய் விழ, முழங்கை கீழே இறங்கி, மணிக்கட்டு திரும்பி, ஆக்சிலரேட்டர் இன்னும் முறுகியது. விட வேண்டும் என்று நினைத்த கை இன்னும் இறுக்கிப் பிடித்தது. அண்ணனும் இப்படித்தான் பிடித்திருப்பான் என்ற நினைப்பு மின்னி மறைந்தது. டிஸ்க் பிரேக் இருந்தது. விரல்கள் அதைத் தேடிப் போகவே இல்லை.

அப்போது அண்ணி முன்னால் பாய்ந்தாள். யாரும் சொல்லவில்லை. இரண்டு கையாலும் ஹேண்டில் பாரைப் பிடித்து, குதிகாலை ஊன்றி, உடம்பு முழுவதையும் பின்னால் சாய்த்துத் தன் பக்கம் இழுத்தாள். வண்டி அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. ஐந்தடி, ஆறடி. பின்சக்கரம் உத்தரத்தில் மோதி, எஞ்சின் விக்கி நின்றது.

கூடத்தில் புகை மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

அண்ணி கையை எடுக்கவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

"இழுத்தேன்," என்றாள். "தம்பி, நான் இழுத்தேன். இப்படித்தான் இழுத்தேன். வலிச்சுச்சு, இங்க, தோள்பட்டையில. ஒரு மாசம் வலிச்சுச்சு. ஏன் வலிக்குதுன்னே யோசிக்கல."

அம்மா படியிறங்கி வந்தாள். வண்டியைப் பார்க்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்தாள். ஆயில் படிந்த தரையில், அண்ணி நின்ற இடத்திலிருந்து உத்தரம் வரைக்கும் இரண்டு கோடுகள் ஓடின.

"குதிகால்," என்றாள் அம்மா. "தள்ளுறவ முன்னங்காலை ஊணுவா. இது குதிகால்." கால் விரலால் ஒரு கோட்டைத் தொட்டுப் பார்த்தாள். "அன்னிக்கும் இந்த ரெண்டு கோடு இருந்துச்சு. எல்லாரும் வரப்போறாங்களேன்னு நான்தான் துணி போட்டுத் துடைச்சேன்."

பிறகு நிமிர்ந்து, சின்னவனைப் பார்க்காமல், மருமகளை நேராகப் பார்த்தாள்.

"தோள்பட்டை இப்ப வலிக்குதா?"

அண்ணி பழக்கத்தில் சின்னவன் பக்கம் திரும்பினாள், அவன் சொல்வான் என்று. அவன் சும்மா நின்றான்.

"இல்ல அத்தை," என்றாள் கடைசியில்.

இதோடு விட்டிருக்கலாம். வண்டி தானாகத் தலைகீழாக ஓடியது, பழைய வண்டி, யார் தவறும் இல்லை. இரண்டு பேருடைய முகத்திலும் அதுவே போதும் என்பதுபோலத்தான் இருந்தது. அவன் ஸ்டாண்ட் போடுவதற்காக வண்டியை உத்தரத்திலிருந்து முன்னால் இழுத்தான். வண்டி வரவில்லை. சீட் இன்னும் அமுங்கியே இருந்தது, யாரோ இறங்காமல் உட்கார்ந்திருப்பதுபோல.

"தட்டு தானா நகரல," என்றான் சின்னவன். "அன்னிக்குக் காலையில நான் நகத்துனேன். அண்ணன் குளிக்கப் போனப்ப. வண்டி நல்லா இழுக்கட்டும்னு. இதோ, நான் போட்ட குறி."

ஷாக் அப்சார்பர் இரண்டும் மெதுவாக மேலே ஏறின. சீட் நிமிர்ந்தது. அவன் இழுத்ததும் வண்டி லேசாக, காலியாக வந்தது.

அம்மா குனிந்து பெருக்கல் குறியைப் பார்த்தாள். விரலால் தடவினாள். பிறகு மருமகளைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அவன்கிட்ட கேளு, இது இப்படி ஓடும்னு அவனுக்கு எப்பலேருந்து தெரியும்னு."

"அத்தை, அவன் இங்கதான—"

"கேளு."

அண்ணி அவனைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். அதுதான் தாங்க முடியவில்லை. "தம்பி," என்றாள், "எப்பலேருந்து தெரியும்னு கேக்குறாங்க."

"நாலு வருஷமா."

"நாலு வருஷமாம் அத்தை."

அம்மா தலையை ஆட்டினாள். "நாலு வருஷமா இவளைப் பத்தி நான் சொன்னதையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போய்ச் சொல்லிக்கிட்டு இருந்தானே, எப்படி முடிஞ்சுச்சுன்னு கேளு."

இதை அண்ணி கேட்கவில்லை.

*

மறுநாள் காலையில் சின்னவன் கூடத்துக்கு வந்தபோது ஸ்டாண்டின் இரண்டு காலும் முதல் நாள் இரவு போட்ட சாக்பீஸ் கோட்டுக்குள் இருந்தன. ஒரு நூல்கூட நகரவில்லை. கிக்கர் மடங்கியிருந்தது. பிளக்கைக் கழற்றிவிட்டு அதைக் கையால் அழுத்திப் பார்த்தான். எஞ்சின் கனமாக, புதுப் பிஸ்டனின் இறுக்கத்தோடு சுற்றியது, எந்த எஞ்சினும் சுற்றுவதுபோல. பழைய தட்டைக் கழற்றினான். வீசவில்லை. சமையலறை அலமாரியில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான். அம்மா பார்த்தாள். எடுக்கச் சொல்லவில்லை.

"அவ துணிமணியை மடிச்சுக்கிட்டு இருக்கா," என்றாள் அம்மா, பூனையிடம். "ஒண்ணாந்தேதி போகத்தான் போறாளாம். நான் இருக்கச் சொன்னேன். இங்க இருந்தா கை வலிக்குதாம்."

அண்ணி உள்ளே வந்து மூன்று டம்ளரில் டீ ஊற்றினாள். இரண்டை எடுத்து, ஒன்றை அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா வாங்கிக்கொண்டாள். மூன்றாவது டம்ளர் மேடையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"டீ ஆறுதுன்னு அவன்கிட்ட சொல்லு," என்றாள் அம்மா.

"தம்பி, டீ ஆறுதாம்."

"எடுத்துக்கிறேன்னு சொல்லுங்க அண்ணி."

"எடுத்துக்கிறானாம் அத்தை."

ஒண்ணாந்தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அம்மாவும் அவனும் பூனையும்தான். டம்ளரைக் கையில் எடுத்தபோது அவன் பூனையைப் பார்த்தான். அது ஏற்கெனவே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.